தாமதமாக வந்த டாக்டர் கமலவேணி

கேளம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் தொலைபேசி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் மகள் வந்து கூப்பிட்டாள். எடுத்தால், புதுப்பட்டினத்திலிருந்து நடேசன் ஐயாவின் குரல். "செவ்வாக்கெழமை கூட்டம் உண்டும்மா. நாலு மணிக்கு. நீ அவசியம் வந்துடணும்," என்றார். அங்கே எங்கள் முதியவர்களின் செவ்வாய்க்கிழமை கூட்டம் எப்போதும் உண்டு. அதைச் சொல்ல ஏன் வெளியூர் அழைப்புப் போட்டுப் பேசுகிறார் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், "டாக்டர் இன்னிக்கி விடியக்காலம் போயிட்டாங்க. செங்கல்பட்டு வீட்டுலயேதான். ஆனா கூட்டம் உண்டு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் செங்கல்பட்டில் டாக்டர் கமலவேணியைக் கடைசியாகப் பார்த்தேன். ஏரிப் பக்கத்துச் சின்ன வீடு. வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் கடற்கரைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த முதியவர்கள் அமர்ந்திருந்தார்கள். எல்லோரும் நல்ல உடை உடுத்தியிருந்தார்கள். பொன்னுத்தாய் அம்மா மட்டும் உள்ளே, டாக்டரின் காலடியில் தரையில் உட்கார்ந்து ஒரு பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் உரக்க அழவில்லை. ஏரியை ஒட்டி ரயில் போகும்போதெல்லாம் வீடு லேசாக அதிர்ந்தது. அப்போது மட்டும் நடேசன் ஐயா தலையை நிமிர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அவரை மருத்துவராகத் தெரியும். புதுப்பட்டினத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறு மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்தார். அணு ஆராய்ச்சிக் குடியிருப்பை ஒட்டிய இடம் அது. நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். படித்தது சென்னையில் என்றாலும் அவர் பேச்சில் செங்கல்பட்டு அப்படியே இருந்தது. அதை மாற்றிக்கொள்ள அவர் ஒருநாளும் முயலவில்லை.

"இன்னா படிச்சிகீற?"

"சமூகப்பணி, டாக்டர். எம்.ஏ."

"பையி இன்னா இவ்ளோ கனமா கீது?"

புத்தகங்கள் என்றேன். ஒன்றா என்றார். மூன்று என்றேன்.

"சற்குணம்!" என்று உள்ளே குரல் கொடுத்தார். சற்குணம் அங்கே நெடுநாளாக உதவியாளராக இருந்த உள்ளூர்ப் பெண். "ஆளு கேட்டிருந்தோம்ல, லைப்ரரியே வந்துகீது பாரு."

அன்றிலிருந்து கடைசிவரை நான் அவருக்கு லைப்ரரிதான்.

அந்த முதல் நாளே என்னைக் கதவோரம் நிறுத்தி, வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். "அதோ, அந்தம்மாவுக்கு இன்னிக்கி முட்டி வலி. போன வாரம் தல சுத்தல். அதுக்கு முன்ன நெஞ்சு படபடப்பு. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சி, எல்லாம் நல்லா கீது. அப்ப இன்னா வியாதி?"

"தனிமை, டாக்டர்."

"கவிதையா சொல்லாத. வைத்தியமா சொல்லு. தனிமைன்னு சீட்டு எழுதினா மருந்துக் கடைல இன்னா குடுப்பான்?"

அதற்குப் பதில் அவருக்கே அப்போது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் குடியிருப்பில் வேலை பார்த்தவர்களின் தாய் தந்தையர். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். கணவனோ மனைவியோ போன பிறகு, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்து சேர்ந்தவர்கள். மரங்கள் நிறைந்த சுத்தமான தெருக்கள். காலை எட்டரைக்குப் பிறகு அந்தத் தெருக்களில் ஆள் இருக்காது. மகன் வேலைக்கு, மருமகள் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு. அடுத்த வீட்டிலும் அப்படியே ஒருவர் தனியாக இருப்பார், கதவைச் சாத்திக்கொண்டு. அவர்கள் நம்பிக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஒரே இடம் மருத்துவமனைதான். வலி இருந்தால்தானே அங்கே வர முடியும்? ஆகவே வலி இருந்தது. பொய் வலி அல்ல அது. "வலி நிஜம். எடந்தான் வேற," என்பார் டாக்டர்.

எங்கள் முதல் திட்டத்தைப் பல வாரங்கள் உட்கார்ந்து தீட்டினோம். பெரியவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று, பெரியவர்களைத் தவிர எல்லோரையும் கேட்டோம். வாடகைக்கு ஒரு கூடம் எடுத்தோம். பஜனை, கேரம், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, நாலரைக்குச் சுண்டல். முதல் செவ்வாய்க்கிழமை நாற்காலி போதாமல் சற்குணம் பக்கத்து வீடுகளுக்கு ஓடினாள். ஒவ்வொருவரும் தங்களை அறிமுகம் செய்துகொள்ளட்டும் என்றார் டாக்டர். அங்கேதான் தவறு நேர்ந்தது. அரசுக் குடியிருப்புகளில் வீடுகளுக்கு வகை உண்டு. பதவி உயர உயர டைப் எண்ணும் உயரும். முதலில் எழுந்தவர், "என் மகன் டைப் ஃபைவ்ல இருக்கான்," என்றார். அடுத்தவர் டைப் ஃபோர். யாரும் தம் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பொன்னுத்தாய் அம்மாவின் முறை வந்தது. அவர் மகன் கடைநிலைத் தொழிலாளி. "எம் மவன் சின்ன வீட்டுலதேன் இருக்கான்," என்று சொல்லிவிட்டு, முன்வரிசை நாற்காலியை விட்டு எழுந்து வாசலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. யாரும் திரும்பி வரச் சொல்லவுமில்லை.

அடுத்த வாரம் வாசலோர நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரங்களில் மற்ற நாற்காலிகளும் காலியாயின. மருத்துவமனைப் பெஞ்சு பழையபடி நிரம்பியது.

டாக்டர் என்னையும் இழுத்துக்கொண்டு பொன்னுத்தாய் அம்மாவின் வீட்டுக்குப் போனார். "இன்னாத்துக்கு வரல?" என்று வாசலிலேயே கேட்டார்.

"நான் வந்தா என்ன, வராட்டா என்ன, தாயி? வராட்டா ஒரு பொட்டலம் சுண்டல் மிச்சம்," என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குக் காப்பி போடவும் எழுந்தார்.

திரும்பி வரும்போது டாக்டர் தெருமுனையில் நின்றார். "லைப்ரரி, அந்தத் திட்டத்தக் கிழிச்சிப் போடு. குந்த வச்சி சுண்டல் குடுத்தா அதுக்குப் பேரு கூட்டம் இல்ல. வெயிட்டிங் ரூம்." சற்று நடந்துவிட்டு மறுபடி நின்றார். "ஒரு ஆளுக்கு இன்னா நோவுன்னு கேக்கறத வுடு. அந்த ஆளு ஒரு நாள் வரலன்னா யாருக்கு வேல நிக்கும்னு கேளு. யாருக்கும் நிக்காதுன்னா, அதான் நோவு."

எங்கள் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. மருந்துபோல ஒரு வேலையை எழுதிக் கொடுக்கும் இந்த முறைக்கு வெளிநாடுகளில் ஒரு பெயர் உண்டு என்று பின்னாளில் படித்து, ஆவலோடு அவரிடம் சொன்னேன். "அப்டியா? நல்லாத்தான் கீது. நாம சீட்டுன்னே சொல்லுவோம்," என்றார். மருந்துச் சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே, அதே கையெழுத்தில் இன்னொரு வரி எழுதினார். கூட்டத்துக்கு வா என்று அழைத்தால் வராதவர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்தால் தட்டமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சீட்டு எழுதுவதற்கு முன் நான் அந்தந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசவேண்டும். அவர்கள் என்ன வேலை செய்து பிழைத்தார்கள், எந்த வேலையைச் சொல்லும்போது கை தானாக அசைகிறது என்று பார்த்து வரவேண்டும். பிறகு ஊருக்குள் போய், அந்தக் கை எங்கே தேவைப்படுகிறது என்று தேடவேண்டும். கூடத்தில் ஒரே ஒரு விதி வைத்தோம்: உள்ளே வந்தால் மகன் பேச்சு எடுக்கக்கூடாது.

பொன்னுத்தாய் அம்மாவுக்கு எழுதியது பக்கத்து மீனவர் குப்பம். அங்கே பெண்கள் விடியலில் மீன் கூடையோடு முதல் பேருந்து ஏறவேண்டும். பால்வாடி திறக்க வெகுநேரம் ஆகும். இடைப்பட்ட நேரம் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சீட்டை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்ட பொன்னுத்தாய் அம்மா, "இது சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்றார். டாக்டர் சிரிக்காமல், "முன்ன. வெறும் வயித்துல," என்று சொல்லி அதையும் எழுதிக் கொடுத்தார்.

சில மாதங்களில் வேறொரு சிக்கல் வந்தது. அம்மாவை ஊருக்கே அனுப்பிவிடுவது என்று மகன் முடிவுசெய்தார். சின்ன வீடு, பிள்ளைகள் வளர்கிறார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊரில் இருந்தது பூட்டிய வீடு மட்டும்தான். டாக்டர் போய்ப் பேசிப்பார்த்தார், மகன் இறங்கி வரவில்லை. மறுநாள் காலை குப்பத்து அஞ்சலையும் இன்னும் சில பெண்களும் மீன் கூடைகளோடு அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். தெருவே எட்டிப் பார்த்தது.

"இன்னா அண்ணாத்த, பாட்டிய ஊருக்கு அனுப்பறியாமே?" என்றாள் அஞ்சலை. "அனுப்பு. அப்டியே எங்க புள்ளைங்கள நீயே வச்சினு இரு. டூட்டிக்கு இட்டுனு போ. நாங்க பஸ்ஸு புடிக்கணும்."

"அதுக்கில்லம்மா..."

"எதுக்கில்ல? பாட்டி வரலன்னா எங்க வூட்டுல அடுப்பு எரியாது, தெரிமா?"

அந்த மகன் இதைக் கேட்டுச் சினக்கவில்லை. தன் தாயை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார் என்று டாக்டர் சொன்னார். நான் அங்கே இல்லை. ஆனால் இதைச் சொல்லும்போது டாக்டரின் கண் கலங்கியதைப் பார்த்தேன். பொன்னுத்தாய் அம்மா ஊருக்குப் போகவில்லை.

நடேசன் ஐயா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கும்பகோணம் பக்கம். மனைவி இறந்த மறு ஆண்டு இங்கே வந்தவர். தூக்கமில்லை என்று மாத்திரை கேட்டு வந்துகொண்டே இருந்தார். அவர் சீட்டில் டாக்டர் எழுதியது கூடத்தின் சாவி. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் வந்து திறக்கவேண்டும், அவ்வளவுதான். அவர் அதோடு நிற்கவில்லை. திருக்கழுக்குன்றத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு தண்டவாளத் துண்டைத் தேடி வாங்கி, கூடத்து வாசலில் தொங்கவிட்டார். சின்ன ஸ்டேஷன்களில் மணிக்குப் பதிலாக இருக்குமே, அதுபோல. நாலு அடித்தால் அதை அடிப்பார். ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

ஒரு மழைக்கால செவ்வாய்க்கிழமை மணி அடிக்கவில்லை. கூடம் பூட்டிக் கிடந்தது. முதியவர்கள் குடைகளோடு வாசலில் நின்றார்கள். மாற்றுச் சாவி செய்து வைத்திருக்கலாம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். டாக்டர் வந்தார். பூட்டைப் பார்த்தார். "சாவி ஒண்ணுதான். வாங்க போவலாம்," என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு நடேசன் ஐயாவின் வீட்டுக்கு நடந்தார். அது அவர் மனைவியின் நினைவு நாள் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. அன்று காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடாமல், விளக்குப் போடாமல் உள்ளே படுத்திருந்தார். சன்னலுக்குக் கீழே நனைந்துகொண்டு அத்தனை பேர்.

"சார்! கூடம் பூட்டிகினு கீது!" என்று கத்தினார் டாக்டர்.

"சாவிய வாங்கிட்டுப் போங்களேன்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

"சீட்டு உங்க பேர்லதான் கீது. வேற ஆளு தொறக்க முடியாது."

பிறகு ஸ்வெட்டரும் மப்ளருமாக அவர் இறங்கி வந்தார். எல்லோரும் அவர் பின்னால் நடந்தோம். அன்று மணி ஐந்தே காலுக்கு அடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாற்றுச் சாவி இல்லாதது மறதியால் அல்ல என்று.

அந்தக் கூடத்தில் தாமதமாக வர உரிமை பெற்ற ஒரே ஆள் டாக்டர்தான். மணி அடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் வருவார். அதுவரை நடேசன் ஐயா வாசலில் நின்று சாலையைப் பார்ப்பார். பிறகு உள்ளே திரும்பி, ஒலிபெருக்கிக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. செங்கல்பட்டிலிருந்து வரவேண்டிய டாக்டர் வண்டி, வழக்கம்போல் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது," என்பார். அதற்குச் சிரிக்காதவர்கள் இல்லை. டாக்டர் மூச்சு வாங்க நுழைவார்.

"என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு வண்டிய பாத்ததில்லம்மா."

"சிக்னல் குடுக்கல சார். நான் இன்னா பண்ண?"

அதற்குப் பிறகுதான் கூட்டம் தொடங்கும்.

எல்லாம் கைகூடியது என்று எழுதினால் அவர் என்னை மன்னிக்கமாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எந்தச் சீட்டையும் வாங்கமாட்டார். டாக்டர் ஒவ்வொரு வாரமும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒருமுறை அவர் கதவைத் திறந்து, "எனக்கு எந்த வேலையும் வேண்டாம். நான் போதும்போதும்னு உழைச்சவன்," என்றார். அதே ஆண்டு இறந்துபோனார். சாவுக்குப் போய்விட்டு வந்த டாக்டர், மருத்துவமனைப் பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துவிட்டார். "எல்லாருக்கும் ஒரு எடம் இருக்கும்னு நெனச்சேன் லைப்ரரி. அவரோடத நான் கண்டுபுடிக்கல," என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பிறகு எனக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. விடைபெறும்போது அவர் கேட்டார்: "போற எடத்துல நீ ஒரு நாள் வரலன்னா யாருக்கு வேல நிக்கும்?" பாடம் எடுக்க வேறொருவரை அனுப்புவார்கள் என்றேன். "அதில்ல," என்றார். நான் அதிகம் பேசிப் பழகாதவள். அறையும் புத்தகமும் போதும் என்றிருப்பவள். அவருக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை. முதலில் எல்லாச் செவ்வாய்க்கிழமையும் கூட்டத்துக்குப் போனேன். அப்புறம் விட்டு விட்டுப் போனேன்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, தமக்குப் புற்றுநோய் என்பதை அவரே கூட்டத்தில் சொன்னாராம். மற்ற அறிவிப்புகளோடு அறிவிப்பாக. அதன்பின் அவர் செய்ததைப் பார்த்துத்தான் நான் அதிகம் வருந்தினேன். தன் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். சற்குணத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று கண்டுகொள்ளவும் பழக்கினார். செங்கல்பட்டிலிருந்து ஓர் இளம் மருத்துவரைச் செவ்வாய்தோறும் வரவைத்து, பக்கத்தில் உட்காரவைத்துச் சீட்டு எழுதச் சொல்லிக்கொடுத்தார். வீடுகளுக்குப் போவதைக் கூட்டத்து முதியவர்களே பகிர்ந்துகொண்டார்கள். தன்னிடம் மட்டும் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு செய்தார்.

உயிரோடு கடைசியாக நான் அவரைப் பார்த்தபோது பேனா பிடிக்கும் அளவுக்குக்கூடக் கையில் வலுவில்லை. சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு ரயில் போயிற்று. "நடேசன் சார் இருந்தா எந்த வண்டி, எவ்ளோ லேட்டுன்னு சொல்லிகினே இருப்பாரு," என்றார். நான் கேட்டுவிட்டேன். "அவங்க எல்லாருக்கும் ஒரே சாவிதான்னு பிடிவாதமா இருந்தீங்க. உங்களுக்கு மட்டும் ஏன் டாக்டர் இத்தனை மாற்றுச் சாவி?"

கண்ணை மூடிக்கொண்டார்.

"அவங்க நாளைக்கு வரணும். அதுக்கு ஒரே சாவி," என்றார். "வர முடியாத ஆளு கையில சாவி இருக்கக்கூடாது, லைப்ரரி."

எத்தனையோ பேருக்குத் தேவைப்படுதலை மருந்தாக எழுதிக் கொடுத்தவர், தான் யாருக்கும் தேவைப்படாதபடி செய்துவிட்டுப் போக அந்த ஓராண்டைச் செலவிட்டார். அவர் வரவில்லை என்றால் யாருக்கும் வேலை நிற்கக்கூடாது. அவருடைய சொந்தக் கணக்குப்படி அதற்குப் பெயர் நோவு. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போனேன். நெம்மேலி தாண்டும்போது கடல் சற்றுநேரம் தெரிந்து மறையும். அன்று அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. கூடம் திறந்திருந்தது. நாற்காலிகள் போட்டிருந்தன. பொன்னுத்தாய் அம்மா குப்பத்துக் குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். சற்குணம் ரத்த அழுத்தக் கருவியோடு தயாராக இருந்தாள். இளம் மருத்துவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நாலு மணிக்கு நடேசன் ஐயா தண்டவாளத்தை அடித்தார். எதுவும் நிற்கவில்லை. டாக்டர் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. எனக்கு அந்த ஒழுங்கின்மேல் கோபமாக வந்தது.

அடித்துவிட்டு நடேசன் ஐயா உள்ளே வரவில்லை. வாசலில் நின்று சாலையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சாலையைப் பார்த்தார். உள்ளே யாரும் உட்காரவில்லை. இளம் மருத்துவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நடேசன் ஐயா உள்ளே திரும்பி, "பயணிகளின்..." என்று தொடங்கினார். மேலே வரவில்லை. கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

பொன்னுத்தாய் அம்மா குழந்தையைச் சற்குணத்திடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். "அய்யா," என்றார். "இன்னைக்கி வண்டி வராதுய்யா. நீங்க உள்ள வாங்க."

அவர் வந்தார். கூட்டம் நடந்தது.

முடிந்தபிறகு எதிரேயிருந்த தேநீர்க் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்போம். கேட்காமலே ஒரு தேநீரைக் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சைக் காட்டினார். "டாக்டரம்மா எடம். நாலுக்கு முன்னாடியே ஆட்டோலேந்து எறங்கி வந்து குந்திடுவாங்க. மணி அடிச்சாலும் எய்ந்திருக்க மாட்டாங்க. இன்னாம்மா, லேட்டாவுதேன்னு ஒருநாள் கேட்டுட்டேன். 'ஆவட்டும் பாய். அவருக்குத் திட்ட ஒரு லேட் வண்டி வேணும்'னாங்க."

நடேசன் ஐயாவை வீடுவரை கொண்டுவிட அன்று நான்தான் நடந்தேன். பாய் சொன்னதை அவரிடம் சொல்வதா, விடுவதா என்று தெரியாமல் வந்தேன். தேநீர்க் கடையைக் கடக்கும்போது அவரே நின்றார்.

"அந்த பெஞ்சு நம்ம கூடத்துச் சன்னல்லேருந்து நேராத் தெரியும்மா," என்றார்.

நான் திரும்பி, கூடத்துச் சன்னலைப் பார்த்தேன்.

"காலமெல்லாம் ஸ்டேஷன்ல நின்னவன். ஸ்டேஷனுக்குள்ள வராம அவுட்டர்ல நிக்கிற வண்டி எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

"அப்புறம் ஏன் சார் அவங்களைத் திட்டினீங்க?"

"அவங்களுக்கும் ஒரு எடம் வேணுமில்ல," என்றார். "வரலைன்னா ஒருத்தன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கிற எடம். எல்லாருக்கும் எழுதிக் குடுத்தாங்க. அவங்களுக்கு யாரு எழுதுறது?" கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வா, இருட்டிடும்," என்றார்.

ஆக, வாசலில் நின்ற அந்தக் காத்திருப்பு ஒன்றுக்கு மட்டும் டாக்டரால் மாற்றுச் சாவி செய்ய முடியவில்லை. அது அவர் கையில் இருந்ததே இல்லை. அன்று நின்றுபோனது அதுதான்.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதேனும் ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி. என் மாணவிகளுக்கு அதைத்தான் முதல் வகுப்பில் சொல்கிறேன். சொல்லும்போது, விடைபெற்ற நாளில் என் பதிலுக்கு அவர் 'அதில்ல' என்றதும் நினைவுக்கு வருகிறது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் எனக்கு வகுப்பு இல்லாதபடி பார்த்துக்கொள்கிறேன். பேருந்து பெரும்பாலும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. இறங்கி, சாலையைக் கடக்காமல், வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்கிறேன். பாய் தேநீர் தருகிறார். இதைப் பற்றி நானும் நடேசன் ஐயாவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே, கூடத்துச் சன்னலில் அவர் தலை தெரிகிறது. ஒருமுறை இந்தப் பக்கம் பார்க்கிறார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து மணியை அடிக்கிறார்.